குதிரையோட மத்த விரலெல்லாம் எங்க போச்சு? உங்க கேள்விகளுக்கு பதில்

குதிரை எப்படி உருவாச்சுன்னு போன தடவை எழுதினதுல இருந்து கேள்வியா வந்துக்கிட்டு இருக்கு, அதுல அஞ்சுக்கு இங்க பதில்.

முதல் குதிரை நாய் சைஸ்லதான் இருந்துச்சாமே, நிஜமா?

நிஜம்தான். சுமார் 5.5 கோடி வருஷத்துக்கு முன்னாடி வட அமெரிக்கக் காட்டுல இலைதழை தின்னுக்கிட்டு திரிஞ்ச இயோஹிப்பஸ், முன்கால்ல நாலு விரல், பின்கால்ல மூணு. பாத்தா குதிரைன்னே தோணாது. இதுக்கு ரொம்ப நெருங்கின ஒண்ணோட எலும்ப இங்கிலாந்துல ஆராய்ஞ்ச விலங்கியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவனே 1841ல அத ஹைராக்ஸ்ங்கிற சின்ன விலங்கோட ஒப்பிட்டு ஹைராகோதீரியம்னு பேர் வச்சுட்டார்.

இப்ப ஒரே குளம்புதான இருக்கு, மத்த விரல் எங்க?

முழுசா போகலீங்க. குதிரை நிக்கிறதே நடுவிரல் நுனில, குளம்புங்கிறது அந்த விரலோட நகம், நாம லாடம் அடிக்கிறது நகத்துலதான். முழங்காலுக்குக் கீழ பெரிய எலும்போட ரெண்டு பக்கமும் மெலிசா ரெண்டு எலும்பு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுதான் பக்கத்து விரல்களோட மிச்சம். காடு குறைஞ்சு புல்வெளி பரவினப்போ ஒளிய இடமில்ல, ஓடித்தான் ஆகணும், கால் நுனில எடை கம்மியா இருந்தா வீசி ஓடறது லேசு.

ஆனா எனக்கு காலவிட பல்லுதான் பெரிய ஆச்சரியம். புல்லுக்குள்ள மணல்ல இருக்கற அதே சிலிக்கா, மேல புழுதி, ரெண்டும் சேந்து பல்ல உரசி தேச்சுடும், அதுக்கு ஈடுகட்ட உயரமான பல்லு வந்துச்சு, தாடைக்குள்ள புதைஞ்சு கிடந்து தேயத்தேய மேல ஏறி வரும். 1.5 கோடி வருஷத்துக்கு முந்தின மெரிசிப்பஸ்ங்கிற குதிரைல இது நல்லா தெரியுது, ஆனா அதுக்கு காலுல இன்னும் மூணு விரல்! பல்லு ஒரு வேகத்துல மாறுச்சு, காலு வேற வேகத்துல.

ஸ்கூல் புக்ல சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வரிசையா படம் போட்டிருக்கே, அது சரியா?

இந்தப் படத்த மாத்தணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஒவ்வொண்ணும் தனியா பாத்தா சரி, வரிசைதான் தப்பு. குதிரைக் குடும்பம் ஏணி இல்ல, கன்னாபின்னான்னு கிளைவிட்ட புதர், ஒரே காலத்துல பல இனம் பக்கத்து பக்கத்துல வாழ்ந்திருக்கு, நானிப்பஸ் மாதிரி சிலது உருவத்துல சிறுத்தும் போயிருக்கு. மூணு விரல் ஹிப்பாரியன் வகைங்க இமயமலை அடிவாரத்துல இருக்கற நம்ம சிவாலிக் மலை வரைக்கும் பரவி இருந்துச்சு. அந்தக் கிளைங்க எல்லாம் அழிஞ்சு ஒண்ணே ஒண்ணு மிஞ்சினதாலதான் திரும்பிப் பாக்கறப்போ நேர்கோடு மாதிரி தெரியுது.

அமெரிக்காவுக்கு குதிரைய கொண்டு போனது ஸ்பெயின்காரங்கதான, அப்புறம் எப்படி அது அங்க தோணினதுன்னு சொல்றீங்க?

ரெண்டும் சரி. அங்க தோணுச்சு, அலாஸ்காவையும் சைபீரியாவையும் அப்ப இணைச்ச பெரிங் நிலப்பாலம் வழியா ஆசியாவுக்கு வந்துச்சு, அப்புறம் சுமார் 10,000 வருஷம் முன்னாடி சொந்த ஊர்லயே அழிஞ்சு போச்சு. பனியுகம் முடிஞ்சு புல்வெளி மாறினது, மனுஷன் வேட்டை, ரெண்டுக்கும் பங்கு இருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். கொலம்பஸ் 1493ல கப்பல்ல ஏத்திட்டு போனது, ஒரு வகையில, ஊருக்குத் திரும்பின குதிரை.

கோவேறு கழுதை ஏன் குட்டி போடறதில்ல?

குதிரைக்கு 64 குரோமோசோம் (செல்லுக்குள்ள மரபணுவ சுமக்கற இழைங்க), கழுதைக்கு 62, ரெண்டுக்கும் பொறக்கற கோவேறு கழுதைக்கு 63, இந்தக் குரோமோசோம்ங்க சரியா ஜோடி சேராததால கரு உண்டாகறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா எண்ணிக்கை மட்டுமே காரணம்னு எடுத்துக்காதீங்க, மங்கோலியாவோட ப்ரெஸ்வால்ஸ்கி குதிரைக்கு 66, அது நம்ம வீட்டுக் குதிரையோட சேந்தா பொறக்கற குட்டிக்கு 65, அது நல்லா குட்டி போடும்.