எலும்பு கூடிவிட்டது, சைக்கிள் தயாரா?

சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய. எப்போது ஓட்டலாம் என்பதை உங்கள் எலும்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் உங்களிடம் விற்கப்படும் சாமான்களில் எது தேவை, எது தண்டம் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

கேள்வி: வயது 41. மருதமலை ரோட்டில் இறங்கும்போது மணலில் சறுக்கி விழுந்து இடது காறை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்து ஆபரேஷன் ஆகி ஏழு வாரம். வெளியே ஓட்ட இன்னும் நாளாகும் என்பதால் வீட்டுக்குள் ஓட்ட, சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்மார்ட் டிரெயினர் ஒன்றை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். விலை என் சைக்கிளில் பாதி. வாங்கலாமா? ஹெல்மெட்டில் கீறல் மட்டும்தான். கார்பன் ஃபிரேமிலும் ஒன்றும் தெரியவில்லை. (வாசகர், கோவை)

டிரெயினர் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள், வேறு செலவு வரிசையில் நிற்கிறது.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அதிகம் முறிகிற எலும்புகளில் ஒன்று காறை எலும்பு. தோளில் நேராக விழுந்தாலும், கையை ஊன்றி விழுந்தாலும் அடி அங்கேதான் போய்ச் சேரும். பெரியவர்களுக்கு அது கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். நீங்கள் ஏழாவது வாரத்தில் இருக்கிறீர்கள். பெட்டி வந்து, பின் சக்கரத்தைக் கழற்றி, ஆப்பை போனோடு இணைத்து, எல்லாம் சரியாவதற்குள் டாக்டர் ரோட்டுக்கே அனுமதி கொடுத்துவிடலாம். இடைப்பட்ட நாட்களுக்குப் பக்கத்து ஜிம்மில் ஒரு மாதச் சந்தா போதும். குனிந்து ஹேண்டில் பாரில் சாயும் சைக்கிளை விட, நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கிற ஜிம் சைக்கிள்தான் இந்தத் தோளுக்கு நல்லது. அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

குணமான பிறகும் வீட்டுக்குள் ஓட்டும் ஆசை தங்கினால் அப்போது வாங்கலாம். அதுவும் பின் டயர் உருளையில் உரசி ஓடும் சாதாரண மேக்னெடிக் வகையில் ஆரம்பித்தால் போதும். பழையதாகவும் நிறையக் கிடைக்கும், ஏனென்றால் உங்களைப் போலவே அவசரத்தில் வாங்கி மூன்றாம் மாதம் துணி காயப்போட்டவர்கள் ஏராளம். வாங்குவதற்கு முன் ஒன்று: சில கார்பன் ஃபிரேம்களை டிரெயினரில் மாட்டினால் வாரன்டி போய்விடும். ஃபிரேமோடு வந்த கையேட்டைப் பாருங்கள். மூன்று உருளை மேல் சைக்கிளை நிறுத்தி ஓட்டும் ரோலர் பக்கம் மட்டும் போகாதீர்கள். பிடிப்பு எதுவும் கிடையாது. வீட்டு ஹாலிலேயே இன்னொரு முறை விழ அது வழி.

இப்போது ஹெல்மெட். தலை தரையில் பட்டிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை தெர்மோகோல் போன்ற நுரை, அடி விழும்போது நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. ஒருமுறை நசுங்கினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது, அந்த நசுங்கலும் மேல் ஓட்டுக்குள் மறைந்திருக்கும். கீறல் சின்னதாக இருக்கிறதே என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. தூக்கிப் போடுவதற்கு முன் போட்டோ எடுத்து, பில்லோடு அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டுக்குப் பதில் தள்ளுபடியில் புதியது தரும் திட்டம் சில நிறுவனங்களிடம் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

புதியது வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1078 அல்லது அமெரிக்காவின் சிபிஎஸ்சி என்று இருக்க வேண்டும். "ஐஎஸ்ஐ இருக்கிறது சார்" என்று கடையில் ஐஎஸ் 4151 போட்டதைக் காட்டினால், அது மோட்டார் பைக் ஓட்டுபவர்களுக்கான தரம். கனமும் சூடும் தாங்காமல் இரண்டாவது நாளே கழற்றி ஹேண்டிலில் மாட்டிக்கொள்வீர்கள். விலை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும் என்றில்லை. கூடுதல் பணம் பெரும்பாலும் எடை குறைவுக்கும் காற்றோட்டத்துக்கும்தான். தலைக்குச் சரியாக உட்காருவதுதான் முக்கியம்: புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, தாடை வாருக்குள் ஒரு விரல், தலையை உலுக்கினால் நகரக் கூடாது.

அடுத்தது சைக்கிள். அலுமினியமும் இரும்பும் பெரும்பாலும் நசுங்கி, வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் அப்படி இல்லை, பெயின்ட்டுக்குக் கீழே விரிசல் இருந்தும் வெளியே பளபளக்கும். நல்ல கடையில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கழற்றி, ஹேண்டில் பாரின் டேப்பைப் பிரித்து, அந்தப் பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் இறுக்கிய இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்டில் பாரும் கார்பனாக இருந்து, தரையில் அடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஓட்டும்போது அது உடைந்தால் நீங்கள் மறுபடி விழப்போவது அதே தோளில்.

எல்லோரும் விட்டுவிடுகிற சாமான் ஒன்று உண்டு. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால் அது உள்பக்கமாக வளைந்திருக்கலாம். சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏற, மிதிக்க இலகுவான கியருக்கு மாற்றும்போது பின் கியர் ஆரக்கம்பிக்குள் போய்ச் சிக்கும். விலை குறைந்த சாமான், ஆனால் அளவுகோல் வைத்துச் சரிபார்க்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். கூடவே ரிம் கோட்டம், பிரேக் லீவர் இரண்டையும் பார்த்துவிடுங்கள். என்னென்ன பார்த்தார்கள், எதை மாற்றச் சொன்னார்கள் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். "எல்லாம் பார்த்தாச்சு" என்ற வாய் வார்த்தைக்கு நாளை மதிப்பு கிடையாது.

டாக்டரிடம் "எப்போ ஓட்டலாம்?" என்று மட்டும் கேட்டால் "கொஞ்ச நாள் போகட்டும்" என்றுதான் பதில் வரும். அந்தக் கையால் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தலாமா, உடல் எடையைச் சாய்க்கலாமா, இப்போது மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்று பிரித்துக் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். மிதிப்பதால் காறை எலும்புக்குப் பெரிய பாரம் இல்லை. பிளேட் இருக்கும் தோளில் விழுந்தால்தான் ஆபத்து: பிளேட் வளையலாம், அதன் ஓரத்தில் எலும்பு புதிதாக முறியலாம். இன்னொன்று, எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்புத் திரட்டு தெரியவில்லையே என்று கலங்க வேண்டாம். பிளேட் போட்டு அசையாமல் இறுக்கிய எலும்பு பல நேரம் அந்தத் திரட்டு இல்லாமலே கூடும்.

முதுகுப் பையை வீட்டில் வையுங்கள். வார் பிளேட் மேலேயே உரசும். சீட்டுக்குப் பின்னால் மாட்டுகிற சின்னப் பை வாங்கினால் அது உருப்படியான செலவு.

கேள்வி: என் ஆபரேஷன் செலவைக் கேட்டதற்கு, "சைக்கிளிங் சாகச விளையாட்டு, பாலிசியில் விலக்கு உண்டு" என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஓட்டியதுதான். பிசியோதெரபி பில்லும் கிடையாது என்கிறார்கள். (வாசகி, சென்னை)

விடாதீர்கள். நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் அந்த விலக்கின் வாசகம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்தியது. "Excl09" என்ற குறியோடு இருக்கும், உங்கள் பாலிசியில் தேடுங்கள். ஆபத்தான அல்லது சாகச விளையாட்டில் *தொழில்முறையாக* ஈடுபட்டால்தான் விலக்கு என்கிறது அது. உதாரணமாகச் சொல்லப்பட்டவை மலையேற்றம், மோட்டார் பந்தயம், குதிரைப் பந்தயம், ஸ்கூபா டைவிங் போன்றவை. ஞாயிறு காலை ஈசிஆரில் டீ குடிக்கப் போனவர் அதில் வரமாட்டார். புதுப் பாலிசி என்றால் முதல் 30 நாள் காத்திருப்பு என்பார்கள். அதுவும் விபத்துக்குப் பொருந்தாது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மறுப்புக் கடிதத்தில் எந்த விதி எண்ணைச் சொன்னார்கள் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம்தான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அங்கே கெடு இரண்டு ஆண்டு. ஆனால் ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஆம்புட்ஸ்மன் அதைத் தொடமாட்டார். அதனால் முதலில் ஆம்புட்ஸ்மன்.

பிசியோதெரபிக்குப் பில் தேதியைப் பாருங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்ற பிரிவில் பல பாலிசிகள் 60 நாள் வரை தருகின்றன. அந்த நாட்களுக்குள் வந்த பில், அதே முறிவுக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, இரண்டும் இருந்தால் கேளுங்கள். அதற்குப் பிறகான பில்லுக்குப் புறநோயாளி செலவுப் பிரிவு இருந்தால் உண்டு, பலருக்கு இருக்காது. அப்புறம் பிளேட், ஸ்க்ரூ பாக்கெட்டில் இருந்த ஸ்டிக்கரும் அதற்கான தனி பில்லும் ஆஸ்பத்திரியிடமிருந்து கையில் இருக்கட்டும். அது இல்லை என்று சொல்லியே பல கோப்புகள் மாதக்கணக்கில் தூங்குகின்றன.

உங்களை ஏதாவது வண்டி இடித்துத்தான் விழுந்தீர்கள் என்றால் அது வேறு வழக்கு. போலீஸ் புகார் செய்யுங்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. தினமும் சைக்கிளில்தான் கடைக்கும் கோயிலுக்கும் போவார். பள்ளத்தில் இறங்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டு இப்போது பிரித்தாயிற்று. சைக்கிளை விடமாட்டேன் என்கிறார். மின்சார சைக்கிள் வாங்கித் தரலாமா? (வாசகர், கும்பகோணம்)

விடமாட்டேன் என்கிறவரைத் தடுக்காதீர்கள், சைக்கிளை மாற்றுங்கள். மின்சார சைக்கிள் என் முதல் தேர்வு இல்லை. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டவற்றுக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம், அது வசதிதான். ஆனால் அவை பெரும்பாலும் 20 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். மணிக்கட்டு பலம் திரும்பாதவர் ஸ்டாண்ட் போட, திண்ணையில் ஏற்ற, சாய்ந்தால் நிறுத்தப் பாடுபடுவார்.

குறுக்குக் கம்பி தாழ்ந்த, "லேடீஸ் சைக்கிள்" என்று கடையில் சொல்லும் அமைப்பு போதும். அவர் கூச்சப்பட்டால் இதே அமைப்பில் பெயர் மாற்றி விற்கும் சிட்டி மாடல்கள் உண்டு. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். டயர் அகலமாக இருந்தால் பள்ளத்தின் அதிர்ச்சி கைக்கு வருவது குறையும். வலது கையால் பிரேக் லீவரை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக் கம்பி இணைப்பு உள்ள பழைய ரக பிரேக்குக்கு நல்ல கைப்பலம் வேண்டும், கேபிள் பிரேக் இலகு. உள்ளங்கை தங்குகிற அகலமான கிரிப்பும் ஒரு கண்ணாடியும் சேர்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பில்லில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

இந்த வயதில் சாதாரண விழுதலிலேயே மணிக்கட்டு முறிந்தால் எலும்பின் அடர்த்தியைப் பார்த்துவிடுவது நல்லது. டாக்டரிடம் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். அபார்ட்மென்ட் வாசலில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்து இலவசமாகப் பார்க்கும் முகாமை டெக்ஸா என்று நினைக்க வேண்டாம். அங்கே சீட்டோடு மாத்திரை டப்பாவும் சேர்ந்தே வரும்.

கேள்வி: எலும்பு சீக்கிரம் கூட பிரண்டை கேப்சூல், கால்சியம் பவுடர், கொலாஜென் என்று மாதம் 4,000 ரூபாய் ஆகிறது. தேவையா? (வாசகர், மதுரை)

கூடுகிற நாளைக் காசு கொடுத்துக் குறைக்க முடியாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கேழ்வரகுக் கூழ், பால், தயிர், எள், நெத்திலி, முருங்கைக்கீரை என்று சாப்பிடுகிற வீட்டில் அதை எட்டுவது பெரிய காரியமில்லை. ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், ருசியாக இருக்கும், கால்சியம் அதில் கொஞ்சம்தான். பிரண்டை பிடித்தால் துவையல் அரையுங்கள். அந்த டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அவர்களே அச்சிட்டிருப்பார்கள்.

டாக்டர் எழுதிய கால்சியம், வைட்டமின் டி மாத்திரை வேறு. அதை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் செலவு பாதிக்கும் கீழே வரலாம். 60,000 யூனிட் வைட்டமின் டி பெரும்பாலும் வாரம் ஒன்று எழுதுவார்கள். தினமும் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. சிகரெட் பிடிப்பவர் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்துகிறது என்பது உறுதி.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கைத்தாங்கி அளவு சரியில்லை. "உடலில் அணியும் பொருள், திரும்ப எடுக்கமாட்டோம்" என்கிறார்கள். (வாசகி, சேலம்)

வாங்கும் பக்கத்திலேயே அப்படிப் போட்டிருந்தால், போட்டுப் பார்த்த பிறகு வாதாட வழி குறைவு. ஆனால் அவர்கள் கொடுத்த அளவு அட்டவணைப்படி நீங்கள் வாங்கி, வந்த பொருள் அந்த அளவில் இல்லையென்றால் அது பொருளின் குறை. டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசலாம். அடுத்த முறை தெரு முனையில் இருக்கும் சர்ஜிக்கல் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.