கிராணியைக் கேளுங்கள்: எந்த எடை?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் சின்னத் தோட்டக்காரர்களிடம் ரப்பர் பால் வாங்கும் கடை வைத்திருக்கிறோம். அக்காள் மகன் எங்கள் கணக்கு சாஃப்ட்வேரை ஒரு ஏஐ ஏஜென்டோடு இணைத்துக் கொடுத்தான். "நேற்று 3-ஆம் கார்டுக்கு எவ்வளவு பால்?" (ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் ஒரு கார்டு) என்று கேட்டால் ஒரு தடவை 40 கிலோ என்கிறது, இன்னொரு தடவை 12 என்கிறது. எடை பார்க்க ஏஜென்ட் கூப்பிடும் மூன்று டூல்களின் (சின்ன புரோகிராம்களின்) விளக்கங்களை வேறொரு ஏஐயிடம் கொடுத்து மார்க் போடச் சொன்னோம். மூன்றுக்குமே பத்துக்கு ஒன்பது! அப்புறம் எங்கேதான் தப்பு?

பதில்: இரண்டு எண்ணும் சரிதான், தம்பி. 40 பச்சைப் பாலின் எடை. 12 அதிலுள்ள உலர் ரப்பர். அன்றைய பாலில் 30 விழுக்காடு ரப்பர் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய விளக்கங்களைப் பார்த்தேன். "கார்டு எண்ணுக்குரிய எடையைத் தரும்", "எடைப் பதிவைக் காட்டும்", "நாள்வாரி எடையைத் தரும்". தனித்தனியாகப் படித்தால் குறை சொல்ல முடியாது, அதனால்தான் ஒன்பது மார்க். ஆனால் ஏஜென்டுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்கின்றன. உள்ளே ஓடும் புரோகிராம் அதன் கண்ணில் படாது. பெயர், விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கையில்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். தோட்டத்து ஆபீசில் கிராணியாக (கணக்கராக) இருந்தபோது பால் ஸ்டோர் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டேன். முதல் பத்தி வாளியில் வந்த பால், அடுத்தது மெட்ரோலாக் (பாலில் எவ்வளவு ரப்பர் என்று காட்டும் மிதவைக் கருவி) விட்டுப் பார்த்துக் கணக்கிட்ட உலர் ரப்பர். இரண்டுக்கும் தலைப்பு "எடை"! எனக்குத்தான் தெரியுமே. தங்கச்சி கல்யாணத்துக்குத் தாப்பா போன வாரம், மாற்றாக வந்த கிராணி இரண்டாவது பத்தியைப் பார்த்துப் பச்சைப் பால் கணக்கை எழுதிவிட்டார். சம்பள நாளன்று பால் வெட்டும் பெண்கள் ஆபீஸ் வாசலை விட்டு நகரவில்லை. அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆகவே விளக்கத்துக்கு மார்க் போடாதீர்கள். அதை வைத்து ஏஜென்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற மாதிரியே 20 கேள்வி எழுதுங்கள், "கட்டிப்பால் எவ்வளவு போட்டேன்?" (கட்டிப்பால் என்றால் உறைந்துபோன பால்), "நேத்துப் பாலுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று. ஒவ்வொன்றுக்கும் எந்த டூல், எந்தக் கார்டு, எந்தத் தேதி என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். எந்த டூலையும் தொடக்கூடாத கேள்வி நாலைந்து கட்டாயம் இருக்கட்டும்: "நாளைக்கு மழை வருமா?" மாதிரி. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதால் ஒவ்வொன்றையும் ஐந்து முறை ஓட்டுங்கள். அப்புறம் விளக்கத்தை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். வேறெதையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

முதல் டூலுக்கு நான் எழுதினால் இப்படி: "ஒரு கார்டுக்கு, ஒரு நாளில் தராசில் வைத்த பச்சைப் பாலின் எடை, கிலோவில். தண்ணீரும் சேர்ந்தது. பணம் கணக்கிட இதைப் பயன்படுத்தாதே. அதற்கு உலர் எடை டூல். கட்டிப்பால் இதில் வராது. தேதி: ஆண்டு-மாதம்-நாள்." கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல், அமெரிக்கனுக்கு மார்ச்.

இன்னொன்று. 20-இல் ஐந்து கேள்வியை அக்காள் மகன் கண்ணில் காட்டாமல் வையுங்கள். மீதி 15-க்கு மட்டும் ஏற்றாற்போல விளக்கத்தை இழுத்து இழுத்துத் தைத்துவிடுவான், அந்த ஐந்தை ஓட்டினால்தான் அது தெரியும்.

கேள்வி: விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாமா? (பீடோர் வாசகி)

பதில்: எழுதலாம் அம்மா. ஆனால் பெரும்பாலான மாடல்களில் அதே செய்தி தமிழில் கூடுதல் டோக்கன் (ஏஐ எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு) தின்னும், அதுவும் ஒவ்வொரு உரையாடலிலும். நான் ஆங்கிலத்தில் எழுதி, ஜனங்கள் வாயில் வரும் சொற்களை மட்டும் தமிழில் சேர்ப்பேன். நம் ஊரில் பால் என்றால் மரத்துப் பால் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

கேள்வி: வெளியார் எழுதிய எம்சிபி (ஏஐயையும் டூல்களையும் இணைக்கும் நெறிமுறை) டூலில் "படிக்க மட்டும், எதையும் அழிக்காது" என்று குறிப்பு இருக்கிறது. நம்பலாமா?

பதில்: அது அவரே அவருக்கு எழுதிக்கொண்ட நற்சான்றிதழ். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட அந்த நெறிமுறையே, நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வரும் இத்தகைய குறிப்புகளை நம்பக்கூடாது என்கிறது. விளக்கத்துக்குள்ளேயே ஏஜென்டுக்கு ரகசியக் கட்டளை ஒளித்துவைத்தவர்களும் உண்டு. முழு வாசகத்தையும் நீங்களே படியுங்கள், புதுப் பதிப்பு வந்தால் திரும்பவும். படிக்க மட்டும் வேண்டுமென்றால், உங்கள் தரவுத்தளத்தில் படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கு ஒன்றைத் திறந்து அதைக் கொடுங்கள்.