கையெழுத்துப் போட்ட செக் புத்தகமும் மற்ற கடிதங்களும்

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள கணக்கு, வரி, சொத்து பற்றிக் கேட்டு எழுதும் கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் வளைகுடாக் கடிதங்கள். நாலைந்தில் எந்த நாடு என்றுகூட எழுதவில்லை. என்றைக்குப் போனீர்கள், எங்கே இருக்கிறீர்கள், ஊரில் என்ன கணக்கு என்ற மூன்றும் இல்லாவிட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

2016 ஜூனில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) ஆரம்பித்தேன். இப்போது டல்லாஸில் இருக்கிறேன். தொடரலாமா? (டல்லாஸ்)

தொடரலாம், பணமும் போடலாம். 2032 ஏப்ரலில் முதிரும், அத்துடன் சரி. அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கும் சலுகை என்.ஆர்.ஐ.க்கு, அதாவது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கு, கிடையாது. இங்கே வரியில்லாத வட்டிக்கு அமெரிக்காவிலும் வரியில்லை என்று நினைத்து அங்கே காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

என்.ஆர்.ஓ. (என்.ஆர்.ஐ.யின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) டெபாசிட் வட்டியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்ற 15ஜி படிவம் கொடுத்தும் கேட்கவில்லை. (ஸ்டுட்கார்ட்)

கேட்கக் கூடாதுதான். 15ஜி உள்ளூரில் வசிப்பவர்களுக்கானது, நீங்கள் கொடுத்ததே தவறு. என்.ஆர்.ஓ. வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். ஜெர்மன் வரி அலுவலகத்தில் வதிவிடச் சான்று வாங்கி வங்கியில் கொடுத்தால் இந்திய-ஜெர்மன் வரி ஒப்பந்தப்படி 10 சதவீதத்தோடு நிற்கும். சான்றை வருடாவருடம் புதிதாகக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் விடாதீர்கள். ஏற்கெனவே பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேளுங்கள். ரிட்டர்ன் படிவங்களில் ஐ.டி.ஆர்.-1 உங்களுக்கு ஆகாது.

மஸ்கட் வந்து ஐந்து மாதம். 182 நாள் ஆனால்தானே என்.ஆர்.ஐ.? அதுவரை பழைய எஸ்.பி. (சேமிப்பு) கணக்கிலேயே சம்பளத்தைப் போடுகிறேன். செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். ஏதாவது பிரச்சினை வருமா? (மஸ்கட்)

வரும். ஒன்றல்ல, இரண்டு.

182 நாள் கணக்கு வருமான வரிக்கானது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவுக்கு, வேலைக்கென்று கிளம்பிய நாளிலிருந்தே நீங்கள் வெளிநாட்டுவாசி. அன்றிலிருந்து சாதா எஸ்.பி. கணக்கு வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ.வாக மாற்றிவிட வேண்டும். அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். ‘யாரும் கேட்பதில்லை சார்’ என்று வருடத்துக்கு இருபது பேராவது என்னிடம் சொல்கிறார்கள். வீடு விற்ற பணத்தை வெளியே அனுப்பப் போகும் அன்றைக்குக் கேட்பார்கள்.

அந்தச் செக் புத்தகத்தைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. டெல்டாப் பக்கம் ஒரு கிளையில் மேலாளராக இருந்தபோது ஒரு பெரியவர் மாதம் தவறாமல் வருவார். வெள்ளை வேட்டி, மஞ்சள் துணிப்பை. பைக்குள் மகனுடைய செக் புத்தகம், எல்லாத் தாளிலும் கையெழுத்து. கடைசித் தாள்களுக்கு வரும்போது கை வலித்திருக்கும் போல, எழுத்து சுருங்கி வேறு யாரோ போட்டது மாதிரி இருக்கும். ஒரு நாள் பஸ்ஸில் பையை விட்டுவிட்டார். மீதி பதினொரு தாள். மகன் பாலைவனத்தில் ஏதோ சைட்டில் இருந்தான். அவன் போன் கிடைத்து ஸ்டாப் பேமென்ட் சொல்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. இரண்டு செக் அதற்குள் பாஸாகி, கிட்டத்தட்ட நாற்பதாயிரம் போனது. பெரியவர் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ‘அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க’ என்றார்.

வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். நெட்பேங்கிங் பாஸ்வேர்டைத் தங்கையிடம் கொடுப்பதும் இதே கதைதான். வழி ரொம்பச் சுலபம். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு, வட்டிக்கு இங்கே வரியில்லை. ஊரில் வரும் வாடகைக்கு என்.ஆர்.ஓ. வீட்டுச் செலவுப் பணத்தை அப்பாவின் சொந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். மகன் அப்பாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவருக்கு வரி கிடையாது. உங்கள் கணக்கை அவர்தான் இயக்க வேண்டும் என்றால் வங்கியில் முறையாக மேண்டேட் (கணக்கை இயக்கும் அனுமதி) எழுதிக் கொடுங்கள். கொடுத்ததும் ஒப்புகை.

ஓ.டி.பி. வரமாட்டேன் என்கிறது. சிம் செத்துவிட்டது. (தோஹா)

பிரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் வைத்தால் அப்படித்தான் ஆகும். எண் வேறு யாருக்காவது போவதற்குள் வங்கியில் கத்தார் எண்ணைப் பதிவு செய்யுங்கள். மற்றவர்கள் இதை விமானம் ஏறும் முன்பே செய்யுங்கள்.

வீட்டை விற்க அண்ணன் பேரில் பவர் கொடுக்கணும். என்ன செய்ய? (ஊர் இல்லை)

நாடும் இல்லை, வீடு எங்கே என்றும் இல்லை. துபாய் என்றால் இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திடுங்கள். லண்டன், அமெரிக்கா என்றால் நோட்டரி, அப்போஸ்டில் (அந்நாட்டு அரசின் சான்று முத்திரை) வழியும் உண்டு. பவர் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் அண்ணன் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பொதுப் பவர் வேண்டாம். இந்தச் சர்வே எண், இந்த விற்பனை, பணம் என் என்.ஆர்.ஓ. கணக்குக்கு என்று குறிப்பாக எழுதுங்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், எழுதுங்கள்.

இன்னொன்று. வாங்குபவர் உங்களிடம் 1 சதவீதம் டி.டி.எஸ். (விலையிலிருந்து முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடித்தால் அது தவறு. விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால், இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்குச் சுமார் 13 சதவீதம், பெரிய தொகைக்கு இன்னும் கூடும். மொத்த விலையிலும் பிடிக்காமல் இருக்க, குறைவாகப் பிடித்தால் போதும் என்ற சான்றுக்கு முன்னதாகவே வருமான வரித் துறையில் விண்ணப்பியுங்கள்.

அப்பா கணக்கில் என் பெயரும் இருக்கிறது, பணம் அவருடையது. அமெரிக்காவில் காட்ட வேண்டுமா? (நியூ ஜெர்சி)

வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அமெரிக்க அரசுக்கு எஃப்பார் என்ற கணக்கு அறிக்கை போட வேண்டும். பெயர் இருந்தால் போதும், பணம் யாருடையது என்று படிவம் பார்க்காது.

மணப்பாறைப் பக்கம் இரண்டு ஏக்கர் புஞ்சைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். என் பேரில் பத்திரம் போடலாமா? (சிங்கப்பூர்)

போடக் கூடாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் என்.ஆர்.ஐ. விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ‘என் பணத்தில் அப்பா பேரில் வாங்கி வைக்கலாமா’ என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள், அது பினாமிச் சட்டத்தில் போய் நிற்கும். அட்வான்ஸைத் திரும்பக் கேளுங்கள். ரசீது வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா?