கோவாவில் ஜெட் ஸ்கி: மகளை ஏற்றலாமா?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு கோவா போகிறோம். ஜெட் ஸ்கியில் (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) ஏறியே ஆக வேண்டும் என்று பத்து வயது மகள் அடம்பிடிக்கிறாள். எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி காற்று நிரப்பிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் ஒன்று கொடுத்திருக்கிறான். அது போதுமா? – வாசகி, திருப்பூர்

பதில்: போதாது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அது மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை. நீச்சல் தெரிந்த பெரியவர் நிதானமாகப் போகும் படகில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார் என்றால் அது அருமையான பொருள்; மெல்லிசாக இருக்கும், வேர்க்காது. ஆனால் அதற்குள் இருக்கும் சின்ன சிலிண்டர் திறந்து வாயு நிரம்பினால்தான் மிதக்கும். சிலவற்றில் கயிற்றை நாமே இழுக்க வேண்டும். வேகமாகத் தண்ணீரில் மோதித் திகைத்துப்போன ஆள் கயிற்றைத் தேடுவாரா? தானாக நிரம்பும் வகையோ, ஜெட் ஸ்கியில் தெறிக்கிற தண்ணீருக்கே ஊதிக்கொள்ளும். குழந்தைக்கும் நீச்சல் தெரியாதவருக்கும் ஃபோம் ஜாக்கெட்தான்.

அங்கே கொடுக்கும் ஜாக்கெட்டை மகளுக்குப் போட்டு, எல்லா பக்கிளையும் மாட்டி, தோள்பக்கம் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரியவர்களுடையது. தண்ணீரில் குழந்தை கீழே நழுவிவிடும், ஜாக்கெட் மட்டும் மேலே நிற்கும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்" என்றால் இறங்கி வந்துவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை, கலங்குட், பாகா கடற்கரை மணலில் "பேக்கேஜ்" என்று கூடவே நடந்து வரும் ஆட்கள்தான். காசு வாங்குபவர் வேறு, வண்டிக்காரர் வேறு. உரிமம் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கவுண்டரில் ரசீது வாங்கி, வண்டியில் எழுதியிருக்கும் பதிவு எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் கூடக் கொடுங்க, நீங்களே ஓட்டலாம்" என்பார்கள். கூடவே கூடாது. ஆக்சிலேட்டரை விட்டால் ஜெட் ஸ்கி திரும்பாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் அதைத் திருப்புகிறது. எதிரே படகு வந்தால் புதியவர் பயத்தில் கையை எடுப்பார். ஹேண்டில் திரும்பும், வண்டி நேராகவே போய் மோதும்.

கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, இருட்டிய பிறகும் ஆளேற்றி ஓட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட படகுகளின் பதிவுக்கும் பாதுகாப்புக்குமான உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-லேயே வந்துவிட்டது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் பத்து நாள் சோதனை நடக்கும், அப்புறம் பழையபடிதான். கரையில் நின்று தலை எண்ணுவதற்குக்கூடவா ஆள் இல்லை?

சரி, மகள் விஷயம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் கால் வைக்கும் இடத்தில் முழுதாகப் பதிய வேண்டும். பதியவில்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம். பதிந்தாலும் கடைசி ஆளாக உட்கார வைக்காதீர்கள். பின்பக்கமாக விழுந்தால் பீய்ச்சும் தண்ணீர் உடலுக்குள் புகுந்து குடலையே கிழித்துவிடும். அதனால்தான் தடித்த வெட்சூட் (ரப்பர் போன்ற நீர் விளையாட்டு உடை) கால்சட்டை போடச் சொல்லி வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. உங்களுக்கும் அது பொருந்தும். கிளம்பும்முன் ஓட்டுபவரின் மணிக்கட்டையோ ஜாக்கெட்டையோ பாருங்கள். அவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சுருள் கயிறு அங்கே மாட்டியிருக்க வேண்டும். ஹேண்டிலில் சும்மா சுற்றி வைத்திருந்தால் ஏறாதீர்கள்.