வெளியே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு என்ன பதில்?

கேள்வி: வேலை நேரம் போக, மாலையில் எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன். 14 வயதுக்கு உட்பட்ட அணி. 15 பேரில் மூன்று பேர் இந்த சீசனில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அதில் ஒருவனின் அப்பா, "என் பையன் தண்ணி பாட்டில் தூக்கத்தான் வர்றானா?" என்று கேட்டுவிட்டார். ஜெயிக்க வேண்டுமென்றால் நன்றாக ஆடுகிறவனைத்தானே இறக்க முடியும்?
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: கோபத்தில் கேட்டாலும் அவர் கேட்டது நியாயம். நெட்ஸ் பயிற்சியில் எத்தனை பந்து ஆடினாலும், கடைசி மூன்று ஓவரில் 20 ரன் தேவை என்கிற பதற்றம் மேட்ச்சில்தான் கிடைக்கும். அது கிடைக்காத பையன் எப்படித் தேறுவான்?

இந்தியாவின் முன்னாள் கேப்டன் ராகுல் டிராவிட், தேசிய அணிக்கு அடுத்த நிலையில் இருக்கும் இந்திய ஏ அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது ஒரு வழக்கம் வைத்திருந்தார். தன்னோடு சுற்றுப்பயணம் வரும் யாரும் ஒரு மேட்ச்கூட ஆடாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவரே இளம் வயதில் அப்படிப் போய் ஆடாமல் திரும்பியவர். 700, 800 ரன் குவித்துத்தான் ஒருவன் அந்த அணிக்கே வருகிறான். அங்கே வாய்ப்பு கிடைக்காவிட்டால் மறு வருடம் அதே 800 ரன்னை முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். 19 வயதுக்குட்பட்டோர் அணியிலும் முடிந்தால் ஒரு மேட்ச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்தாறு பேரை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். 2018-ல் நியூசிலாந்தில் நடந்த அந்த வயதினருக்கான உலகக் கோப்பையை அவர் பயிற்சி கொடுத்த பையன்கள்தான் வென்றார்கள், இறுதிப்போட்டியில் ஆஸ்திரேலியாவை 8 விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தி.

அப்புறம் நடந்ததும் முக்கியம். இந்திய கிரிக்கெட் வாரியம் பரிசாக அவருக்கு 50 லட்சம் ரூபாய், உடனிருந்த பயிற்சிக் குழுவினருக்குத் தலா 20 லட்சம் என்று அறிவித்தது. எல்லாருக்கும் ஒரே தொகை வேண்டும் என்றார் டிராவிட். கடைசியில் தலா 25 லட்சம் ஆனது. அவர் பங்கு பாதியாகக் குறைந்தது. கண்ணில் படாதவரையும் கணக்கில் சேர்க்கிற அதே குணம்தான் இதிலும் தெரிகிறது.

சரி, உங்கள் அணிக்கு வருவோம். பதினொருவரில் பெயர் போட்டு, பத்தாவதாக பேட்டிங், ஓவர் கிடையாது, எல்லைக்கோட்டுப் பக்கம் ஃபைன் லெக்கில் போய் நில் என்றால் அது ஆடவைத்ததாகாது. அவன் பேட்ஸ்மேன் என்றால் மூன்றாவதாக இறக்குங்கள். பந்துவீச்சாளன் என்றால் தொடர்ந்து நாலு ஓவராவது கொடுங்கள். முதல் ஓவரில் 14 ரன் போனாலும் பந்தை வாங்கிவிடாதீர்கள். நாக் அவுட் ஆட்டத்தில் சிறந்த பதினொருவரையே இறக்கலாம். ஆனால் அதைப் பையன்கள் எல்லார் முன்னாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வழக்கமாக ஓப்பனிங் இறங்குகிறவன் ஒரு லீக் மேட்ச் வெளியே உட்காரட்டும். ஸ்கோர் எழுதட்டும், அடுத்தவனுக்குத் தண்ணீர் கொண்டுபோகட்டும். தன் இடத்தில் ஆடுகிறவன் பவுண்டரி அடித்தால் கைதட்டுகிறானா என்று கவனியுங்கள். அவனைக் கேப்டனாக்கலாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த அப்பாவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். ஆனால் அதற்கு முன்னால் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த மேட்ச், எத்தனையாவது இடம் என்று சொல்லிவிடுங்கள். அன்று மழை வந்து ஆட்டம் நின்றால், அடுத்த மேட்ச்சில் முதல் பெயர் அவனுடையது.