செவ்வாய்க்கிழமை ராத்திரி அரை மணி நேரம்

கேள்வி: வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து விற்கிறோம். இன்ஸ்டாகிராம் விளம்பரம் என் கணவர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. வாரம் 3,000 ரூபாய் விளம்பரத்துக்குப் போகிறது. புதிதாக முப்பது பேர் வாங்குகிறார்கள். கால் கிலோ பாக்கெட் 180 ரூபாய். சாமான், கவர், கூரியர் எல்லாம் போக 60 ரூபாய் நிற்கும். அண்ணா நகரில் இரண்டு கடைகளுக்குக் கடனுக்கும் போடுகிறோம். ஆர்டர் கூடுகிறது. ஆனால் மாசக் கடைசியில் பருப்பு வாங்கப் பணமில்லை. வாரா வாரம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம் என்று இரண்டு முறை ஆரம்பித்தோம். இரண்டு முறையும் மூன்றாவது வாரமே சண்டையில் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நாங்கள் புரசைவாக்கத்தில் குழந்தைகள் ஜவுளிக் கடை வைத்திருந்தபோது, ஒரு தீபாவளிக்கு அதுவரை பார்க்காத வியாபாரம். தை பிறந்ததும் திருப்பூர் சரக்குக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. விற்றதில் பாதி கடனில் நின்றது, மீதி அலமாரியில் துணியாக இருந்தது. விற்பனை நோட்டை அவர் பார்ப்பார், பாஸ்புக்கை நான் பார்ப்பேன். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்ததே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 3,000 ரூபாய் விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 540 ரூபாய். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் அதுவும் செலவுதான். 3,540 ரூபாயை முப்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 118 ரூபாய். முதல் பாக்கெட்டில் நிற்பது 60. ஆக, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் 58 ரூபாய் கையைக் கடிக்கிறது. அவர் இரண்டாவது பாக்கெட் வாங்கினால்தான் சரிக்குச் சரியாகும். ஆர்டர் கூடக் கூடப் பணம் குறைவதற்கு ஒரு காரணம் இதுதான். அதனால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, ஆறு வாரத்துக்கு முன் புதிதாக வந்த முப்பது பேரில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணுங்கள். ஆர்டர் நோட்டில் போன் நம்பர் இருக்கும், அதுவே போதும்.

இன்ஸ்டாகிராம் விளம்பரப் பக்கத்தில் தெரிகிற விற்பனை எண்ணிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். விளம்பரத்தைத் தொட்டவர் ஏழு நாளுக்குள் வாங்கினால், வழக்கமான அமைப்பில் அது விளம்பரத்தின் வரவாகவே சேரும். அவர் உங்கள் பழைய வாடிக்கையாளராகக்கூட இருக்கலாம். போன வார எண்ணும் இன்னும் மாறிக்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய வாரத்தைப் பாருங்கள். ஒரே வாரம் சரிந்தது என்று விளம்பரத்தை நிறுத்தவும் வேண்டாம், மூன்று நான்கு வாரம் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

அப்புறம் பணம். பேங்கில் இன்று இருப்பது, அடுத்த செவ்வாய்க்குள் கொடுக்க வேண்டியது, கடைகளிலிருந்து வர வேண்டியது. கடன் எத்தனை நாளாக நிற்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் வருடச் சிறு தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். கடைக்காரரிடம் சண்டை போடத் தேவையில்லை, பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தால் அவருக்கே புரியும்.

சண்டை வந்ததற்குக் காரணம், அந்த அரை மணி நேரத்தில் ஒருவரை ஒருவர் விசாரித்தது என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் ஒரு மாற்றம் செய்தோம். விற்பனையை நான் படிப்பேன், பாஸ்புக்கை அவர் படிப்பார். படித்து முடிக்கும்வரை ‘ஏன்’ என்று யாரும் கேட்கக் கூடாது. கடைசியில் ஒரே ஒரு முடிவை எழுதி, யார் செய்வது என்று பக்கத்தில் போடுவோம். அடுத்த வாரம் அந்த வரியைப் படித்துத்தான் ஆரம்பிப்போம். பிள்ளைகள் தூங்கின பிறகு, ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆப் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

இந்தச் செவ்வாய்க்கு எழுத வேண்டிய முடிவு என் கண்ணுக்கே தெரிகிறது: அந்த இரண்டு கடைகளுக்கும் புதன்கிழமை காலையில் உங்கள் கணவர் போன் செய்யட்டும்.