மலைக்குச் சுண்ணாம்பு, கீழ்க்காட்டுக்கு அன்னபேதி

கேள்வி: ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காபி, நிழல் மரங்களில் மிளகு. வாழப்பாடிப் பக்கம் இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி). மண் பரிசோதனைச் சீட்டில் மலைக்கு பி.எச். 4.9, கீழே 8.4 என்று வந்திருக்கிறது. மலைக்கு ஏக்கருக்கு 1 டன் சுண்ணாம்பு போடச் சொல்லியிருக்கிறார்கள். 3 டன் நீற்றுச் சுண்ணாம்பு இறக்கிவிட்டேன். கீழே குருத்து இலை வெளுக்கிறது. அங்கேயும் கொஞ்சம் சுண்ணாம்பு போடலாமா? ஜிப்சம் போட்டால் சரியாகுமா?

பதில்: கீழ்க்காட்டில் ஒரு கைப்பிடி சுண்ணாம்பு கூட வேண்டாம். இரண்டு நிலமும் நேரெதிர்.

மண்ணின் ஈரத்தில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பி.எச். காட்டுகிறது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. 4.9-க்கும் 8.4-க்கும் இடையே மூன்றரைதானே என்று தோன்றும். கணக்குப்படி உங்கள் மலை மண்ணில் ஹைட்ரஜன் அயனி மூவாயிரம் மடங்குக்கு மேல் அதிகம்.

மலையில் மழை சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் அடித்துக்கொண்டு போகிறது. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது தம் பங்குக்கு அமிலத்தை விடுகின்றன. சேர்வராயன் மலை பாக்சைட் உள்ள மலை, அலுமினியத்துக்குப் பஞ்சமில்லை. பி.எச். 5.5-க்குக் கீழே போனால் இந்த அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும். வேர் குட்டையாக, தடித்து நிற்கும். மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட் மூட்டை மூட்டையாகப் போட்டும் செடி தேறாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். காபிக்கு 6 முதல் 6.5 வரை இருந்தால் போதும்; 7-க்குக் கொண்டுபோக ஆசைப்பட வேண்டாம்.

இப்போது அளவு. பரிசோதனைச் சீட்டில் வரும் சுண்ணாம்புத் தேவை வழக்கமாகக் கால்சியம் கார்பனேட் கணக்கு. நீற்றுச் சுண்ணாம்புக்கு வீரியம் அதிகம். 1 டன்னுக்கு ஈடாக 740 கிலோ போதும். மூன்று ஏக்கருக்கு 2,220 கிலோ, மீதி 780 கிலோ. சீட்டு கொடுத்த இடத்தில் இந்தக் கணக்கை ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த 2,220 கிலோவையும் ஒரே மூச்சில் கொட்டாமல், ஒரு பாதியை இந்தப் பருவத்திலும் மறுபாதியை அடுத்த பருவத்திலும் போடுங்கள். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், கனமழை இருக்கக் கூடாது. சருகை ஒதுக்கி, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளித் தூவி, மேலாகக் கிளறிவிட்டுச் சருகை மூடுங்கள். ஆழமாகக் கொத்தினால் காபி, மிளகு இரண்டின் மேல்வேரும் அறும். நீற்றுச் சுண்ணாம்பின் கரைசல் பி.எச். 12-ஐத் தாண்டும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள்.

சுண்ணாம்பு போட்டு மூன்று வாரமாவது கழித்துத்தான் உரம். உடனே அம்மோனிய உரம் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கில் ஏறும் அந்த நெடி உங்கள் பணம். ராக் பாஸ்பேட்டையும் சேர்த்துப் போட வேண்டாம். அது கரைய அமிலம் வேண்டும்.

கீழ்க்காட்டுக்கு வருவோம். 8.4 என்பது சுண்ணாம்பு கலந்த மண்ணின் அடையாளம். ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சந்தேகமே இல்லை. அந்த மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் கரையாது. குருத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புப் பற்றாக்குறை. இலை திட்டுத் திட்டாக வெளுத்துக் கோணிச் சுருங்கினால் அது தேமல் நோய். அதற்கு இரும்புச்சத்து வைத்தியம் பலிக்காது.

ஜிப்சம் களர் மண்ணுக்கானது. சோடியத்தை வெளியேற்ற உதவும். பி.எச். 8.5-ஐத் தாண்டி, மண் நனைந்தால் வழுக்கி, காய்ந்தால் இறுகும் இடத்தில் பேசலாம். உங்கள் காட்டில் அது பி.எச்.சை இறக்காது. கந்தகம் போட்டு இறக்கலாம் என்பார்கள். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண் சுமார் 900 டன். அதில் சுண்ணாம்பு 2 சதவீதமே என்றாலும் 18 டன். அதைக் கரைக்கக் கிட்டத்தட்ட 6 டன் கந்தகம். யாரால் முடியும்? மண்ணை விட்டுவிட்டு இலை வழியாகக் கொடுங்கள்.

லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம். சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்து, பிறகே அன்னபேதியைப் போட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் காரமாக இருந்தால் இரும்பு துருவாகி அடியில் தங்கும். கரைசல் பழுப்பானால் தெளித்துப் பயனில்லை. அன்னபேதியும் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். வெயில் தாழ்ந்து குருத்து நனையும்படி, பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை அடியுங்கள். தண்ணீர் தேங்க விடாதீர்கள். சுண்ணாம்பு மண்ணில் ஈரம் மிஞ்சினால் வெளுப்பு கூடும். வெள்ளைக்கல் (மேக்னசைட்) கரடுகளை ஒட்டிய காடாக இருந்தால் மெக்னீசியமும் கூடுதலாக இருக்கும், மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் பக்கமே போகாதீர்கள். வெளுப்பு அடங்காவிட்டால் இலையோடு ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள்.

மீதி 780 கிலோவை ஈரம் படாமல் மூட்டை கட்டி வையுங்கள். காற்றுப் பட்டுக் கார்பனேட்டாக மாறினாலும் மலை மண்ணுக்கு உதவும், வேகம்தான் குறையும். ஆனால் மிளகுக்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தயாரிக்க அதை எடுக்காதீர்கள். பழைய சுண்ணாம்பால் மயில்துத்தத்தின் (செம்பு சல்பேட்) அமிலம் முழுக்க முறியாமல் இலை கருகும். அதற்குப் புதிதாகச் சுட்ட கல்சுண்ணாம்பு வாங்கி, கலவையில் பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும்.